வாசலில் கழற்றிய ஷூ

வியன்னா பஸ்ஸில் ஏறியதிலிருந்து போஹுஷ் ஒரே வசனத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். "விடு, யர்மிலா. போகட்டும்." இந்த மனுஷனுக்கு வேறு வார்த்தையே வாயில் வராதா என்று அவன் மனைவி யர்மிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லையில் ஒரு சிப்பாய் அவர்களுடைய சாப்பாட்டுப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தான். விடு என்றான். பஸ்காரர் சொன்ன இடத்தில் நிறுத்தாமல் ஆற்றுக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டுப் போனார். அதற்கும் விடு. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்த பன்றி இறைச்சியைத் தின்றுகொண்டிருந்தபோது, நாயோடு வந்த ஒரு சீமாட்டி நின்று, பொட்டலத்தைப் பார்த்து, இவர்கள் கையைப் பார்த்து, மூக்கைச் சுளித்துவிட்டுப் போனாள். நாய்கூட மரியாதையாக வாலாட்டியது. அதற்கும் இந்த ஆள் வாயைத் துடைத்துக்கொண்டு, "விடு, போகட்டும்."

இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. செக் நாட்டு ஸ்லின் நகரத்திலிருந்து வியன்னா பஸ்ஸில் ஒரு காலைப்பொழுது தூரம். ஆனால் இவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலேயே நடுவில் எல்லையில் முள்கம்பி வந்துவிட்டது; போன குளிர்காலத்தில்தான் அதை அறுத்தார்கள். ஏப்ரல் பிறந்ததும், யர்மிலா வேலை செய்கிற ஷூ தொழிற்சாலையில் ஒரு பஸ் ஏற்பாடு செய்தார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் சுற்றுலா, ராத்திரித் தூக்கம் பஸ் இருக்கையிலேயே. ஓட்டல் பக்கம் யார் போவது? டிராம் ஏறுவதற்கே யோசிக்க வேண்டியிருந்தது. அதனால் நடை. போஹுஷ் தண்ணீர் வாரியத்தில் குழாய் வரைபடம் போடுகிறவன். வியன்னா வரைபடத்திலும் சிவப்புப் பென்சிலால் குழாய் போட்டமாதிரி வழி போட்டு வைத்திருந்தான். அந்தக் கோட்டின் மேல் இருவரும் சனிக்கிழமை முழுக்க நடந்தார்கள், ஞாயிறு காலையிலும் நடந்தார்கள். தேவாலயங்களை அண்ணாந்து பார்த்தார்கள். காபிக் கடைகளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

ஞாயிறு முற்பகலில், நீளமான கடைத்தெரு ஒன்றில், அந்தக் காகிதம் கண்ணில் பட்டது. கடை பூட்டியிருந்தது. கதவுக் கண்ணாடியின் உள்பக்கம் பசை நாடாவால் ஒட்டியிருந்தார்கள். யாரோ அகராதியைப் பார்த்துப் பார்த்து எழுதிய செக் மொழி. யர்மிலா வாய்விட்டுப் படித்தாள்.

"செக் நாட்டவர்களே, இங்கே திருடாதீர்கள்."

அவள் இன்னொரு தரம் படித்தாள். ஜெர்மனில் ஒரு வார்த்தை கிடையாது. ஹங்கேரியனிலும் இல்லை. உலகத்தில் இருக்கிற அத்தனை திருடர்களிலும் இவர்களுக்கு மட்டும் தாய்மொழியில் தனி அழைப்பு.

"பாத்தியா இதை?"

"பாத்தேன். வா, மணியாச்சு."

"என்ன பாத்தேன்? ரெண்டு நாளா இந்த ஊர்ல ஒரு குண்டூசி வாங்கல நாம. வாங்காதவங்களைப் பாத்துத் திருடாதேன்னு எழுதிருக்கான்."

போஹுஷ் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். கேட்க ஒருவரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நாம திருடல இல்ல? அப்ப அது நமக்கு எழுதினது இல்ல. விடு."

"ஓஹோ. அப்ப யாருக்கு? செத்துப்போன எங்கப்பாவுக்கா?"

"உங்கப்பாவை ஏன் இழுக்கறே?"

"நீ எதையுமே இழுக்கமாட்டேங்கிறியே, அதான் நான் இழுக்கறேன்."

அவன் வரைபடத்தை மடித்தான். கோட்டுப் பைக்குள் கையை விட்டு சாவிக்கொத்தை உருட்ட ஆரம்பித்தான். பதற்றம் வந்தால் அவனுக்கு அதுதான் பழக்கம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் யர்மிலாவுக்குப் போன நவம்பர் ஞாபகம் வந்துவிட்டது.

நவம்பரில் ஊரே சதுக்கத்தில் நின்றது. தொழிற்சாலையில் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் போனார்கள். ஆளுக்கொரு சாவிக்கொத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்கள், நேரமாயிற்று, கிளம்புங்கள் என்று கம்யூனிஸ்ட் ஆட்சிக்குச் சொல்லுவதற்காக. யர்மிலாவும் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கதவு பூட்டியிருந்தது. போஹுஷ் சமையலறையில் உட்கார்ந்திருந்தான், இரண்டு பேருடைய சாவியும் அவன் பையில். "நாம அங்க நின்னது தெரிஞ்சா மகளோட காலேஜ் போயிடும், யர்மிலா. இது நமக்கெதுக்கு?" என்றான். அவள் கத்தினாள், கெஞ்சினாள், ஒரு தட்டைக்கூட உடைத்தாள். அவன் அசையவில்லை. அன்றைக்கு அவள் நான்காவது மாடி ஜன்னலில் நின்று, கடல்போல எழும்பி வந்த அந்தச் சாவிச் சத்தத்தைக் காதால் மட்டும் கேட்டாள். யாருக்காகப் பூட்டினானோ அந்த மகள் அதே நேரத்தில், தான் படிக்கிற ப்ர்னோ நகரத்துச் சதுக்கத்தில், முதல் வரிசையில், சைக்கிள் சாவியை ஆட்டிக்கொண்டிருந்தாள் என்று மறுநாள்தான் தெரிந்தது. பயந்தாங்கொள்ளி, தான் பயந்தால் போதாதா, பெண்டாட்டியையும் சேர்த்துப் பயப்பட வைக்க வேண்டுமா? அன்றிலிருந்து அவள் அவனுக்குச் சமைத்தாள், துவைத்தாள், பேசினாள். மன்னிக்க மட்டும் இல்லை.

சிவப்புக் கோட்டில் கடைசியாக இருந்தது ஒரு மாளிகை. எந்தக் காலத்து இளவரசனோ கட்டியது, இப்போது அருங்காட்சியகம். ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசம் என்று பஸ்ஸில் யாரோ சொல்லியிருந்தார்கள். படியேறி உள்ளே போனதும் பெரிய கூடம். யர்மிலா கூரையைப் பார்க்கவில்லை, சுவரிலிருந்த தங்கப் பூச்சைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தாள். மூன்று நான்கு வித மரம், வெளுப்பும் கருப்பும் சிவப்புமாக, நட்சத்திரம் நட்சத்திரமாக இழைத்துப் பதித்த தரை. அதன் மேல் மெழுகு தேய்த்துத் தேய்த்து, ஜன்னல் வெளிச்சம் தண்ணீரில் கிடப்பதுபோல் கிடந்தது.

அவள் அம்மா கல்யாணத்துக்கு முன் இந்த வியன்னாவில்தான் ஒரு டாக்டர் வீட்டில் வேலைக்காரியாக இருந்தாள். அம்மா வியன்னாவைப் பற்றிச் சொன்னதெல்லாம் தரையைப் பற்றித்தான். மண்டியிட்டு மெழுகு பூசி, காய்ந்தபின் மண்டியிட்டுத் தேய்த்து, எஜமானி வந்து ஒரு மூலையைக் காட்டி 'மறுபடி' என்றால் மறுபடி மண்டியிட்டு. சாகும்வரைக்கும் அம்மாவுக்கு முட்டி சரியாக மடங்கவில்லை. யர்மிலாவுக்கு ஜெர்மன் தெரியும் என்றால் அதுவும் அம்மா கொண்டுவந்த ஜெர்மன்தான். மற்றவர்கள் பேசினால் முக்கால்வாசி புரியும். தானாகப் பேச அவளிடம் இருந்தவை எஜமானியின் வார்த்தைகள் மட்டும்: கொண்டு வா, எடுத்துப் போ, துடை, உடனே, மறுபடி. தயவுசெய்து என்ற வார்த்தையை அம்மா கற்றுத் தரவே இல்லை. அந்த வீட்டில் யாரும் அவளிடம் சொல்லியிருந்தால்தானே?

யர்மிலா கூடத்து வாசலில் நின்று சுற்றுமுற்றும் தேடினாள்.

"என்ன தேடறே?"

"பெட்டியை."

பெட்டி இல்லை. ஊரில் எந்தக் கோட்டைக்குப் போனாலும், மாளிகைக்குப் போனாலும், வாசலில் ஒரு பெரிய மரப்பெட்டி இருக்கும். அது நிறையத் தடித்த கம்பளியில் தைத்த அகலமான செருப்புகள். ஷூவுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, தூக்கி வைத்து நடக்காமல் வழுக்கிக்கொண்டே போகவேண்டும். தரையும் கெடாது, பார்க்க வந்தவர்களே தரையைப் பளபளப்பாக்கிவிட்டுப் போவார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு சறுக்கி விளையாடி உதை வாங்குவார்கள். அந்தப் பெட்டியில்லாத மாளிகை உண்டு என்பதே யர்மிலாவுக்குத் தெரியாது.

இங்கேயோ, குதிகால் உயர்ந்த ஷூ போட்ட ஒருத்தி டக் டக்கென்று நட்சத்திரங்களின் மேல் நடந்து போனாள். அந்த ஒவ்வொரு டக்கும் யர்மிலாவின் முட்டியில் இறங்கியது.

அவள் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தாள்.

"என்ன பண்றே?" போஹுஷ் பதறினான்.

"செருப்பெல்லாம் தீந்துபோயிருக்கும் போல. அதுக்காக இந்தத் தரை மேல ஷூவோட ஏறுவாங்களா?"

"எல்லாரும் போட்டுக்கிட்டுத்தான் போறாங்க. பாரு, ஒருத்தர்கூடக் கழட்டல."

"அவங்க வீட்டுத் தரையை வேற யாரோ தேய்ப்பாங்க, அவங்களுக்கென்ன?"

"யர்மிலா, பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீயும் கழட்டு."

அவன் கழற்றவில்லை. மாறாக, இரண்டு எட்டுத் தள்ளி நின்றான். அப்புறம் நான்கு எட்டு. அப்புறம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி, யாரோ எவளோ என்பதுபோல் அடுத்த அறைக்குப் போய்விட்டான்.

போ, போய்த் தொலை என்று நினைத்துக்கொண்டாள். ஷூவை ஜோடி சேர்த்து, குதிகால் சுவரைத் தொடும்படி வாசலோரம் வைத்தாள். பழுப்பு நிற ஷூ அது. அவள் தொழிற்சாலையிலேயே ஏற்றுமதிக்குச் செய்தது. நல்லதெல்லாம் மேற்கே போய்விடும். நாடா கோக்கிற ஓட்டை ஒன்று கோணலாக விழுந்ததோ, தையல் ஒரு நூல் விலகியதோ, அதுமட்டும் செய்தவர்களுக்குக் கிடைக்கும், அதற்கும் வரிசையில் நிற்க வேண்டும். இவளுடைய ஷூவில் ஒரே ஒரு ஓட்டை கோணல். மற்றபடி அவள் வாழ்நாளில் போட்ட ஷூக்களிலேயே நல்ல ஷூ. வியன்னாவுக்கு என்று எடுத்து வைத்திருந்து, நேற்றுத்தான் முதல் தடவையாக வெளியே போட்டாள்.

காலுறையோடு அவள் அந்தத் தரையில் நடந்தாள். மரம் குளிர்ச்சியாக, வழவழவென்று இருந்தது. பீங்கான் அடுப்புகள் இருந்த அறை, கண்ணாடி அறை, பறவைகள் வரைந்த பட்டுச் சுவர் அறை. அவள் ஒன்றையும் தொடவில்லை, எதிலும் சாயவில்லை. அம்மா மண்டியிட்ட ஊரில் நிமிர்ந்து நடக்கிறேன் என்ற நினைப்பு வந்தபோது மட்டும் கொஞ்சம் நின்றாள். அந்த இரண்டு நாளில் அவள் சந்தோஷமாக இருந்தது அவ்வளவு நேரம்தான்.

திரும்பி வாசலுக்கு வந்தால் ஷூவைக் காணோம்.

சுவரோரம் சுத்தமாக இருந்தது. தள்ளி வைத்திருப்பார்களோ என்று தூணுக்குப் பின்னால் பார்த்தாள், திரைச்சீலைக்கு அடியில் பார்த்தாள். வாசலில் இப்போது ஒரு காவலாளி நின்றுகொண்டிருந்தான். நெடுநெடுவென்ற ஆள், சாம்பல் நிறச் சீருடை, மெழுகு தடவி முறுக்கிய மீசை. அவள் தன் காலைக் காட்டினாள், சுவரைக் காட்டினாள். அந்த ஆளுக்கு உடனே புரிந்தது. புரிந்ததும் ஒரு சிரிப்பு வந்ததே, அதைத்தான் அவளால் கடைசிவரை பொறுக்க முடியவில்லை.

"உங்களுதா அது? குப்பையில போட்டுட்டேனே."

யர்மிலா தனக்குத்தான் ஜெர்மன் தப்பாகப் புரிகிறது என்று நினைத்தாள். அவன் பின்கட்டுப் பக்கம் கையைக் காட்டி, தூக்கிப் போடுவதுபோலவே நடித்துக் காட்டினான்.

"யாரோ பிச்சைக்காரி விட்டுட்டுப் போயிட்டான்னு நெனச்சேன் அம்மா. இங்க யாரும் கழட்டறதில்ல. இது மாளிகை, நீச்சல்குளமில்ல." பக்கத்தில் நின்ற இருவர் சிரித்தார்கள். அவனுக்கு அது உற்சாகமாகிவிட்டது. "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க? ஆ, கேக்கவே வேணாம்."

பிச்சைக்காரி. அவள் முகம் சூடேறியது. உங்கள் தரை கீறக்கூடாது என்று கழற்றி வைத்தேனடா, மடையா, உன் எஜமானுடைய தரைக்கு உன்னைவிட நான் மரியாதை கொடுத்தேன். இதையெல்லாம் சொல்ல அவளுக்கு ஜெர்மன் இல்லை. இருந்ததைச் சொன்னாள்.

"கொண்டு வா."

காவலாளியின் மீசை ஒரு நிமிஷம் ஆடாமல் நின்றது. இந்தக் காலத்தில் அப்படி யாரும் யாரிடமும் பேசுவதில்லை. "என்ன சொன்னீங்க?"

"கொண்டு வா. உடனே."

"இதோ பாருங்கம்மா, கொல்லைப்புறம் பெரிய தொட்டி, அதுல போயாச்சு. நாளைக்கு ஆபீஸ்ல வந்து எழுதிக் குடுங்க. வேணும்னா துப்புரவுக்காரங்களோட ரப்பர் பூட்ஸ் ஒண்ணு கெடக்கு, மாட்டிக்கிட்டுப் போங்க."

பஸ் அன்று சாயங்காலம் கிளம்புகிறது. நாளைக்கு யார் வருவது?

பேச்சுச் சத்தம் கேட்டு போஹுஷ் வந்து சேர்ந்தான். அவள் காலைப் பார்த்தான், காவலாளியின் மீசையைப் பார்த்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் கை பைக்குள் போயிற்று.

"விடு, யர்மிலா. போகட்டும்."

"என்னோட ஷூவைக் குப்பைல போட்டிருக்கான், போஹுஷ். என்னைப் பிச்சைக்காரின்னு சொல்றான்."

"சரி, சரி. என் ஷூவைப் போட்டுக்கோ. நான் சாக்ஸோட வர்றேன். பஸ்வரைக்கும்தானே."

அவன் நிஜமாகவே குனிந்து நாடாவை அவிழ்க்கப் போனான். ஆற்றைத் தாண்டி பஸ்வரைக்கும், கல் பாவிய தெருவில், அவன் சாக்ஸோடு நடந்திருப்பான், முணுமுணுக்கக்கூட மாட்டான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கால் கேட்டால் காலைக் கொடுப்பான். வாயைத் திற என்றால் மட்டும் மாட்டான்.

"எனக்கு உன் ஷூ வேணாம். அவன்கிட்ட ஒரு வார்த்தை கேளு. ஒரே ஒரு வார்த்தை. எதுக்குடா போட்டேன்னு."

"எனக்கு ஜெர்மன் வராதே."

"உனக்கு எந்த பாஷையிலயும் வராது."

அப்படிச் சொல்லிவிட்டு அவள் கூடத்தின் நடுவுக்குப் போனாள். அங்கே தடித்த சிவப்புக் கயிறு கட்டி, அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி வைத்திருந்தார்கள். தங்கக் கால், மஞ்சள் பட்டு மெத்தை. எந்த இளவரசி கடைசியாக உட்கார்ந்தாளோ. யர்மிலா பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டி, அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். காலுறை போட்ட இரண்டு காலையும் நட்சத்திரத்தின் மேல் சேர்த்து வைத்தாள்.

கூடத்தில் இருந்தவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள்.

"எழுந்திரிங்க," என்றான் காவலாளி. இப்போது சிரிப்பு இல்லை. "அம்மா, அதுல உக்காரக் கூடாது. எழுந்திரிங்க."

"கொண்டு வா."

"போலீசைக் கூப்பிடுவேன்."

"நீ போ. நீயே. உடனே."

"இதுக்குத்தான்," என்று அவன் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கைகளை விரித்தான், "இதுக்குத்தான் கடைக்காரங்க எழுதி ஒட்டறாங்க. அப்படி ஒட்டறது தப்புன்னு நாம சொல்றோம். வேற என்னதான் பண்றது இவங்களை?"

அது அவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. அவன் சட்டையில் குத்தியிருந்த பெயர்ச் சீட்டையும் அப்போதுதான் படித்தாள். பொஸ்பிஷில். எழுத்து ஜெர்மன் எழுத்து. பெயரோ அசல் மொராவியா, அவள் ஊர்ப் பக்கத்துப் பெயர். அவள் தெருவிலேயே மூன்று பொஸ்பிஷில் குடும்பம் உண்டு, ஒருவர் தபால்காரர். அவளுக்கு ஜெர்மன் தீர்ந்துவிட்டது. தன் பாஷையிலேயே, கூடம் முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"பொஸ்பிஷில். உன் தாத்தா எங்க ஊர்லேர்ந்துதானே வந்தாரு? செங்கல் சுடவோ, கரி தள்ளவோ. அவரு இந்த ஊருக்கு நடந்து வந்தப்ப கால்ல என்ன போட்டிருந்தாருன்னு உனக்குத் தெரியுமா? அதையும் எவனாவது இப்படித்தான் தூக்கிப் போட்டிருப்பான்."

அந்த ஆளின் காது இரண்டும் சிவந்தன. செக் தெரியாதவனுக்கு எதற்குக் காது சிவக்க வேண்டும்? ஆனால் வாய் ஜெர்மனில்தான் பேசியது. "போலீஸ்," என்றான். "இதோ போன் பண்றேன்."

போலீஸ் என்ற வார்த்தை போஹுஷுக்கும் புரியும். யர்மிலா அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவளைப் பார்த்தான், காவலாளியைப் பார்த்தான், அப்புறம் திரும்பி, விறுவிறுவென்று வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டான்.

அவ்வளவுதான். இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினேன் என்று யர்மிலாவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. எழுந்து, காலுறையோடே படியிறங்கி, பஸ்ஸுக்கும் போகாமல், எங்கேயாவது போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் எழுந்தால் அந்த மீசை மறுபடி சிரிக்கும். அதனால் உட்கார்ந்தே இருந்தாள். அழக்கூடாது என்று தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் சின்னதாக, வாசலுக்கு வெளியே. பையிலிருந்து எடுக்கும்போது வருகிற சத்தம். அப்புறம் நின்றது. அப்புறம் பெரிதாக. அவளுக்கு அதில் எது எது என்று தனித்தனியாகத் தெரியும். நீளமான இரும்புச் சாவி நிலவறைக்கு. தட்டையானது வீட்டு வாசலுக்கு. கீச்சென்று ஒலிக்கிற பொடிச் சாவி தபால் பெட்டிக்கு. நவம்பரில் அவன் பைக்குள் மூச்சு விடாமல் கிடந்த அதே கொத்து.

போஹுஷ் உள்ளே வந்தான். கையைத் தலைக்கு மேல் தூக்கி, சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்தான். காலில் ஷூ இல்லை. வாசலுக்கு வெளியே அவை ஜோடியாக இருந்தன, குதிகால் சுவரைத் தொட. இடது சாக்ஸில் பெருவிரலுக்கு மேல் அவள் நீல நூலில் இழையோட்டித் தைத்த ஓட்டை தெரிந்தது, சாக்ஸ் பழுப்பு. அத்தனை பேரும் அந்த நீலத்தைப் பார்த்தார்கள். சாவிகள் இன்னும் பலமாக ஒலித்தன. தங்கச் சுவர்களில் பட்டுத் திரும்பின. கயிற்றைத் தாண்டாமல், அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"என்ன பண்றே?" என்றாள் அவள்.

"சொல்றேன்," என்றான். "எனக்கு ஜெர்மன் வராது இல்ல, அதான் இப்படிச் சொல்றேன்."

காவலாளி ஒரு எட்டுப் பின்வாங்கினான். "இந்த ஆளுக்கு என்ன, பைத்தியமா? நிறுத்தச் சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. டக் டக்கென்று நடந்து போனாளே, குதிகால் ஷூக்காரி, அவள்தான் கடைசியில் பேசினாள். "பைத்தியம் இல்லைங்க. டிவியில நீங்க பாக்கலையா? இப்படி ஆட்டித்தான் இவங்க ஒரு அரசாங்கத்தையே வீட்டுக்கு அனுப்பினாங்க." அவள் காவலாளியை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க போய் ஒரு ஜோடி ஷூவை எடுத்துட்டு வந்துடுங்க. அது சுலபம்."

இப்போது சிரித்தவர்கள் வேறு ஆட்கள். பொஸ்பிஷில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். சாவிச் சத்தம் நிற்கவில்லை. அடுத்த அறைகளிலிருந்தும் ஆட்கள் வாசலில் வந்து கூட ஆரம்பித்தார்கள். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பின்கட்டுக் கதவைத் திறந்து போனான்.

வருவதற்கு நேரமானது. போஹுஷுக்குக் கை வலித்திருக்கும், இடக்கைக்கு மாற்றிக்கொண்டான். யர்மிலா நாற்காலியில் அசையாமல் இருந்தாள். பார்க்க வந்தவர்களும் போகவில்லை.

காவலாளி ஷூவை இரண்டு விரலால் நாடாவைப் பிடித்துத் தூக்கி வந்தான். ஒன்றின் மேல் காபித் தூள் அப்பியிருந்தது, இன்னொன்றில் ஆரஞ்சுத் தோல். அவள் காலடியில் வைக்கக் குனிந்தான்.

"துடை," என்றாள் யர்மிலா.

அது அம்மா அதிகம் கேட்ட வார்த்தை. சொல்லும்போது அவளுக்கே நாக்கில் ஒரு மாதிரி கூசியது. ஆனாலும் சொன்னாள். அந்த ஆள் அவளைப் பார்த்தான், தலைக்கு மேல் ஆடுகிற சாவியைப் பார்த்தான். பைக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்து, ஒரு முட்டியை மடக்கி மரத்தரையில் ஊன்றி, முதலில் ஒன்றை, அப்புறம் இன்னொன்றைத் துடைத்தான். ஓட்டை கோணலாக இருந்த இடத்தில் காபித் தூள் போகவில்லை. அங்கே அவளுக்கு 'மறுபடி' என்ற வார்த்தை வாய்வரை வந்தது. சொல்லவில்லை. தரையில் மண்டியிட்டிருந்த ஆளை அதற்கு மேல் பார்க்கப் பிடிக்கவில்லை அவளுக்கு.

எழுந்தாள். ஷூவை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"போட்டுக்கோ," என்றான் போஹுஷ்.

"இந்தத் தரை மேலயா?"

இருவரும் சாக்ஸோடும் காலுறையோடும் நட்சத்திரங்களைத் தாண்டி வாசலுக்குப் போனார்கள். அங்கே குனிந்து, பக்கத்தில் பக்கத்தில் நின்று நாடா கட்டிக்கொண்டார்கள். யர்மிலாவின் வலது ஷூவில் இன்னும் காபி வாசனை அடித்தது. இந்த ஊரில் அவளுக்குக் கிடைத்த காபி அவ்வளவுதான். படியிறங்கித் தெருவுக்கு வந்தபின்தான் போஹுஷ் கையில் பிடித்திருந்த சாவிகளை மறுபடி பைக்குள் போடப் போனான்.

அவள் கையை நீட்டினாள்.

"என்ன?"

"குடு அதை."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கொத்தை அவள் உள்ளங்கையில் வைத்தான். இரும்பு சூடாக இருந்தது. அவள் அதைத் தன் கோட்டுப் பையில் போட்டு, பொத்தானை மாட்டினாள்.

"நவம்பரை நான் மறக்கல," என்றாள்.

"தெரியும்."

"இன்னிக்கு ஆட்டினதால அது சரியாயிடாது."

"தெரியும், யர்மிலா."

விடு என்று அவன் சொல்லவில்லை. வரைபடத்தை எடுத்துப் பிரித்தான். சிவப்புக் கோடு அந்த மாளிகையோடு முடிந்திருந்தது. பஸ்ஸுக்குப் போகும் வழியை இரண்டு பேரும் தேடிக்கொண்டு நடந்தார்கள். அவள் ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் பைக்குள் சாவி சத்தம் போட்டது.